உயிரோடு இருந்தவர்களுக்குச் சந்தன மாலை

எங்கள் ஊரில் ஓர் ஓவியக் கூடம் இருக்கிறது என்று சொன்னால் பக்கத்து மாரண்டஹள்ளிக்காரர்களே சிரிப்பார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், முன்பு சைக்கிள் ஸ்டாண்டாக இருந்த இடத்தில், ஏதோ ஒரு திட்டத்தில் மிஞ்சியதைச் செலவழித்தே தீர வேண்டும் என்ற அவசரத்தில் பேரூராட்சி கட்டிய அறை அது. நான்கு வெள்ளைச் சுவர், இரண்டு மின்விசிறி, ஒரு கழிப்பறை. கூடத்தைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் கழிப்பறையைத் தேடி வந்தவர்கள். மீதிப் பேர் ஓசூர் பஸ் வரும்வரை போனுக்கு சார்ஜ் ஏற்ற வந்தவர்கள். நான் யாரையும் விரட்டியதில்லை. காலி அறையில் தனியாக உட்கார்ந்திருப்பதைவிட, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போன் பார்க்கிற மனிதர்கள் இருப்பது எவ்வளவோ மேல்.

கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. பள்ளியில் ஓவிய வகுப்பு என்றால் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வதற்காக வைத்திருக்கும் வகுப்பு என்று பொருள். அதியமான்கோட்டையில் தனியாக வாடகைக்கு இருந்து, தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்டவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். கூடத்துச் சாவியை என் கையில் கொடுத்த அன்றுதான், நான் திறந்தால் திறக்கும், நான் பூட்டினால் பூட்டும் என்று ஓர் இடம் எனக்கு வாய்த்தது. அந்த அறை மேல் எனக்கு ஆசை என்று சொன்னால் குறைவு. வெறி.

முதலில் பள்ளிப் பிள்ளைகளின் படங்களை மாட்டினோம். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஓர் ஆறு, ஆற்றில் ஒரு வாத்து. இந்தப் பக்கத்தில் ஆற்றில் தண்ணீர் பார்த்த பிள்ளை எத்தனை, வாத்து பார்த்த பிள்ளை எத்தனை என்று நான் கேட்கவில்லை. ஒரே படம் வரிசையாகச் சுவர் முழுவதும் தொங்கியது. பெற்றோர்கள் வந்து தங்கள் பிள்ளையின் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தவறான படத்துக்கு முன்னால் நின்றவர்கள்தான் அதிகம்.

அடுத்து, பெங்களூரிலிருந்து ஓர் ஓவியர் தன் படங்களை அனுப்பிவைத்தார். பச்சை, பழுப்பு, நடுவில் கருப்புப் புள்ளிகள். தலைப்பு எல்லாம் பயங்கரமாக இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற விவசாயி ஒருவர் உள்ளே வந்து, ஒரு படத்தை நெருங்கி மூக்கு படும் அளவுக்குப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது எலக் கருகலுங்க டீச்சர். போன வருசம் எங்க தக்காளியெல்லாம் இப்புடித்தான் போச்சு. மருந்தடிச்சும் நிக்கல."

அந்தக் கண்காட்சிக்கு வந்த ஒரே விமர்சனம் அது. ஓவியருக்கு நான் அதைத் தெரிவிக்கவில்லை.

பேரூராட்சித் தலைவர் ஒரு பெண். ஆனால் ஊரில் தலைவர் என்று எல்லோரும் சொல்வது அவர் வீட்டுக்காரரை. ரிப்பன் வெட்டுவது அவர், மேடையில் பேசுவது அவர், கூட்டத்தில் கோபித்துக்கொள்வது அவர். கையெழுத்து மட்டும் அந்த அம்மா. அந்த வீட்டுக்காரர் ஒருநாள் கூடத்துக்கு வந்து, சுவரிலிருந்து சுவருக்கு எட்டு வைத்து அளந்து பார்த்தார்.

"ஜிம்மு வெக்கலாம்னு இருக்கறமுங்க டீச்சர். பசங்க கேக்கறாங்க. இங்க ஈ காக்கா வரதில்ல."

"வருவாங்க. அடுத்த கண்காட்சிக்கு வருவாங்க."

"ஊரு கூடுச்சுன்னா கூடம் இருக்கட்டும். கூடலன்னா திங்கக்கெழம மெஷினு வந்து எறங்கிடும். என்னைய குத்தம் சொல்லக் கூடாது."

ஊரைக் கூட்டுவது எப்படி? என் கையில் இருந்தது, சில மாதங்களாக நடத்திவந்த சனிக்கிழமை வகுப்பு ஒன்றுதான். பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், வேலை முடிந்து பஸ் இறங்கி, மின்விசிறிக்காகவும் டீக்காகவும் அந்த வகுப்புக்கு வருவார்கள். கலை ஆர்வம் என்று நான் அறிக்கையில் எழுதுவேன். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அக்கா, தக்காளி அக்கா என்பார்கள். ஐம்பது தாண்டியவள். வாய் திறந்தால் மண்டி தரகரே ஒதுங்கிப் போவார். முதல் வகுப்பில் நான் ஒரு குடத்தையும் நாலு தக்காளியையும் வைத்து வரையச் சொன்னேன்.

"ஏன் டீச்சர், காலைலருந்து தக்காளி மூஞ்சியிலதான் முழிக்கறம். இங்க வந்தும் அதே எழவப் பாக்கணுமா?"

அது நியாயமாகப் பட்டது. அப்படியானால் ஒருவரை ஒருவர் வரையுங்கள் என்றேன். எதிரெதிரே உட்காரவைத்துக் கரிப் பென்சிலைக் கொடுத்தேன். முதல் வாரம் முழுக்கச் சண்டை. எம்பல்லு இவ்ளோ நீளமா, எங்கழுத்து என்ன சொரக்காயா என்று. ஆனால் ஒன்று கவனித்தேன். எதிரே இருப்பவள் முகத்தை அவ்வளவு நேரம் உற்றுப் பார்க்க அவர்களுக்கு அதுவரை யாரும் நேரம் கொடுத்ததில்லை. அவர்களையும் யாரும் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. சில வாரங்களில் முகங்கள் முகங்களாக வர ஆரம்பித்தன. அக்காவைக் கூட்டாளி ஒருத்தி வரைந்த படத்தில், யாரையோ திட்டி முடித்துவிட்டு அடுத்து யார் என்று தேடுகிற பார்வை அப்படியே வந்திருந்தது. எனக்கே பொறாமையாக இருந்தது. அந்தப் படங்களைத்தான் கண்காட்சி வைப்பது என்று முடிவு செய்தேன்.

பாலக்கோட்டில் படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிற பாய் ஒருவர் இருக்கிறார். அவர் கடையில் முருகன், மெக்கா, மாதா, கட்சித் தலைவர்கள் எல்லோரும் ஒரே சுவரில் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஜிம் கவலையில் எனக்கு இரண்டு ராத்திரி சரியான தூக்கமில்லை. கண் சிவந்து, தலை கலைந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்திருப்பேன்.

"எல்லாம் ஒரே மாதிரி நல்ல ஃப்ரேமா போடுங்க பாய். வெள்ளிக்கெழம காலைல நீங்களே கொண்டாந்து கூடத்துல மாட்டிடுங்க. சாவி பக்கத்து பேக்கரில இருக்கும். ஊரே வரப்போவுது."

பாய் படங்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. எல்லாம் நான் பாத்துக்கறன்."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் கூடத்துக்குப் போகவில்லை. திறந்துவைப்பவரை வீட்டுக்குப் போய் அழைத்து வராவிட்டால் அவர் வரமாட்டார். அது எங்கள் ஊர் மரியாதை. தலைவரம்மாவின் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு முடிக்கும்வரை அவர் வீட்டு வாசலில் காத்திருந்து, அவர் காரிலேயே ஏறி வந்தேன். தலைவரம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கூடத்து வாசலில் செருப்புக் குவியல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே ஊதுபத்தி வாசம். ஆட்கள் வரிசையாக, சத்தமே இல்லாமல், ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்தார்கள். எத்தனையோ கண்காட்சி வைத்திருக்கிறேன். வந்தவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது அன்றுதான். இரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். கலைக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சந்தன மாலை. மரச்சீவலில் செய்த, வாடாத மாலை. ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நெற்றியிலும், கண்ணாடிக்கு மேலே, ஒரு குங்குமப் பொட்டு. கீழே ஒரு தட்டில் ஊதுபத்தி.

மூலையில் பாய் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அருகில் வந்தார்.

"மாலைக்கும் பல்புக்கும் காசு வேணாங்கம்மா. இத்தன பேரு ஒண்ணா போயிருக்காங்க. என்னால ஆனது."

"யோவ் பாய்! எல்லாரும் உசுரோட இருக்காங்கய்யா!"

பாய் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. முப்பது வருடமாகத் தன் கடைக்குத் தனி முகம் பெரிதாக வந்தால் அது செத்தவர் முகம்தான் என்றார். உயிரோடு இருப்பவர்கள் கல்யாணப் படத்தில் ஜோடியாக வருவார்கள், இல்லாவிட்டால் கட்சிக்காரர்களாக வருவார்கள். வேன் விபத்தாக இருக்கும் என்று நினைத்தாராம்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!"

"சாவு வூட்டுக்காரங்ககிட்ட எப்புடிங்க கேள்வி கேக்கறது? ஒங்க மொகத்தப் பாத்தும் கேக்க மனசு வரலங்க."

எந்த ஊரில் கேட்பார்கள்?

இதற்குள் பஸ்ஸுக்கு நின்ற எவனோ ஒரு புண்ணியவான், பல்பும் மாலையுமாக எல்லாப் படத்தையும் போட்டோ எடுத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். எனக்குப் பிணமாகவே முடிந்தது.

மண்டிப் பெண்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். உள்ளே வந்ததும் ஒருத்தி தாலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி பூசணிக்காய் வாங்க ஓடினாள், சுற்றி உடைக்க. இன்னொருத்தி என்னைப் பார்த்த பார்வையை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். தக்காளி அக்கா மட்டும் நேராகத் தன் படத்துக்கு முன்னால் போய் நின்று, மாலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பரவால்ல. நம்மூட்டுல இவ்ளோ நல்ல மாலையா போடுவானுங்க?"

மாலைகளைக் கழற்றலாம் என்று நான் நாற்காலி தேடிய அந்த நேரத்தில்தான் வாசலில் ஓலம் கேட்டது. அக்காவின் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. இரண்டு பேரும் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். கிணற்று மோட்டார் ஓடாமல் போன ஒரு சண்டையிலிருந்து, ஒரே பஸ்ஸில் வந்தாலும் முகம் பார்க்காதவர்கள். ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அக்கா சட்டென்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, எங்கள் எல்லோரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

ஓரகத்தி படத்துக்கு எதிரே தரையில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

"தக்காளிக் கூடயெடுத்துத் தனியாப் போன மகராசி
தாக்கல் சொல்லாமப் போயிட்டியே எங்கக்கா
நடுச்செவுரு வெச்சி நான் நல்லாருப்பன்னு நெனச்சனே
ஒங்கொழம்பு வாசத்துக்கு ஓரமா நின்னனே..."

கூடம் முழுவதும் மூக்கை உறிஞ்சியது. பூசணிக்காயோடு வந்தவள் பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா செத்துப்போகவில்லை என்று நன்றாகத் தெரிந்த எனக்கே கண் நிறைந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் பார்த்தேன். அக்கா தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தாள்.

"மோட்டாருக்கு ஃபியூசப் புடுங்குன மொட்ட முண்ட நாந்தான
முன்னாடி வந்து சொல்ல எனக்கு வாயி வல்லியே..."

"அடிப் பாவி, நீதானாடி?" கதவு படாரென்று சுவரில் மோதியது. "இத்தன வருசமா அந்த எலட்ரீசியனயில்ல சாபம் உட்டுட்டு இருந்தன்!"

ஓரகத்தி போட்ட கூச்சலில் பேக்கரிக்காரர் ஓடி வந்தார். அவள் எழுந்து ஓடப் பார்த்தாள், கால் தடுக்கி விழுந்தாள், அக்காவின் காலைத் தொட்டுப் பார்த்தாள், கிள்ளிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பையால் அக்காவை விளாச ஆரம்பித்தாள்.

"சாவாமயே சாவறியா நீ? எங்கண்ணீருக்கு என்னாடி மருவாத?"

"பாட்ட ஏன் நிறுத்தன? இன்னும் ரெண்டு வரி பாடு. நல்லாருந்துச்சு."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அடித்துக்கொண்டே அழுதார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

தலைவரம்மாவின் வீட்டுக்காரருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. வெட்ட வேண்டிய ரிப்பனை யாரோ மிதித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"மங்களகரமா தொறந்து வெக்கலாம்னு வந்தா காரியத்துக்கு வந்த மாதிரி ஆக்கிட்டீங்க. திங்கக்கெழம காலைல சாவியக் குடுத்துடுங்க."

"ஊரு கூடணும்னீங்க. கூடிடுச்சு."

"சாவுக்குங்க!"

"எதுக்குக் கூடணும்னு நீங்க சொல்லவே இல்லியே!"

அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் அப்படித்தான். அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் சாமான்களைக் கட்டலாம் என்று போனால் கூடத்து வாசலில் கூட்டம். செத்துப் பிழைத்தவர்களைப் பார்க்க வந்தவர்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. மாலைகளையும் பல்புகளையும் கழற்றியிருந்தேன். அவை எங்கே என்று கேட்டுச் சண்டை போட்டவர்களும் உண்டு. தக்காளி அக்கா தன் படத்துக்கு மட்டும் மாலையைத் திரும்ப மாட்டச் சொல்லி, பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். யார் வந்தாலும், "நல்லாப் பாத்துக்க, ஒருநா இப்புடித்தான்" என்றாள்.

மதியத்துக்கு மேல் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஒரு பெரியவர் நெடுநேரம் படங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். அவர் மனைவி செத்தபோது வீட்டில் ஒரு போட்டோகூட இல்லையாம். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் அடித்தார்களாம்.

"கண்ணு ரெண்டும் திருட்டு முழி முழிக்குதுங்க. எம்பொண்டாட்டி அப்புடியா இருந்தா? அந்தப் படத்ததான் தெனமும் கும்படறன்."

யாரும் சிரிக்கவில்லை. அங்கிருந்த எல்லோர் வீட்டுச் சுவரிலும் அப்படி ஓர் ஆதார் முகம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கேட்டார்: உயிரோடு இருக்கும்போதே தன்னை வரைந்து தருவார்களா? அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து, அவரை அதில் உட்காரவைத்து, பென்சிலைக் கையில் எடுத்தாள். பின்னால் வரிசை நின்றுவிட்டது. மண்டிப் பெண்கள் எல்லோரும் வரைந்தார்கள், ஓரகத்தி ஆளுக்கு டீ கொடுத்தாள். நான் பென்சில் சீவிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் பென்சில் சீவியதே இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தலைவரம்மா வந்தார். கார் இல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு நடந்து வந்தார். அந்தக் கூடத்துக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கல்வெட்டில் அவர் பெயர்தான் இருக்கிறது. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஊரெல்லாம் எம்படம் ஃப்ளெக்ஸ்ல இருக்குதுங்க டீச்சர். அவரு மொகம் இம்மாம் பெருசு. நான் அவரு தோளுக்குப் பின்னாடி ஸ்டாம்பு சைசுல. எனக்குத் தனியா ஒண்ணு வேணும்."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"வரையறன். ஆனா நாளைக்கு இங்க தண்டாலு எடுக்க மெஷினு வருதாமே. அப்பறம் படத்த எங்க மாட்டறது?"

தலைவரம்மா நான்கு சுவர்களையும் சுற்றிப் பார்த்தார்.

"மெஷினு இங்க எறங்கணும்னா நான் கையெழுத்துப் போடணுமுங்க," என்றார். "நான் போடல. நீ வரை. மூக்குத்தி தெரியணும்."

திங்கட்கிழமை மெஷின் வந்தது, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இறங்கியது. இப்போது வீட்டுக்காரர் வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிவந்து, எங்க கூடம் என்று காட்டுகிறார். உள்ளே நுழைந்ததும் தலைவரம்மாவின் படம்தான் தெரியும். மூக்குத்தி அதில் கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது. வீட்டுக்காரர் இன்னும் வரைந்துகொள்ளவில்லை, சாவுக்குப் பயம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்தபின் அக்கா என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். வேண்டாம் என்றேன். எனக்கு எதற்கு, மாட்டுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"மூஞ்சியத் தூக்காத, அப்புடியே வந்துடும்," என்றாள். "இங்க மாட்டுவம். சாவிதான் பேக்கரில இருக்குதே. நாங்க யாராவது வருவம்."

வரைந்து முடித்ததும் பார்த்தேன். மூக்கு பெரிதாக இருக்கிறது என்றேன். மூக்கு உன்னுதுதான், நானா போட்டேன் என்றாள். அதில் இருந்தவள் கோபக்காரி மாதிரியும், யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டவள் மாதிரியும் இருந்தாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

படத்தைச் சுருட்டிக்கொண்டு பாலக்கோட்டுக்குப் போனேன். பாய் விரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் எதற்கும் வாய் திறந்து கேட்டுவிடுகிறார்.

"மாலை, பல்பு எல்லாம் வேணாங்களே?"

"இப்ப வேணாம் பாய்," என்றேன். "பல்புக்கு ஓட்ட மட்டும் போட்டு வைங்க."